கான்கிரீட் சீலிங்கை வெட்டாமல் தறிக்கு மேலே லைட் போட முடியுமா?

தறிவீடு:
சேலம் அம்மாபேட்டையில் இருக்கிறோம். 12 வருடத்துக்கு முன் கட்டிய கான்கிரீட் வீடு, பூச்சு, பட்டி, பெயின்ட் எல்லாம் முடிந்தது. அம்மா குழித்தறியில் வெண்பட்டு வேட்டி நெய்கிறார். பாவும் (நீளவாக்கு இழை) வெள்ளை, ஊடையும் (குறுக்கிழை) வெள்ளை. சாயங்காலம் ஆனால் அறுந்த இழையை விரலால் தடவித்தான் கண்டுபிடிக்கிறார், டியூப்லைட் பின்சுவரில் இருப்பதால் அவர் நிழலே துணி மேல் விழுகிறது. தறிக்கு மேலே பாயின்ட் இல்லை, நாலடி தள்ளி ஃபேன் மட்டும் இருக்கிறது. பார்க்க வந்த எலக்ட்ரீஷியன் சீலிங்கில் காடி வெட்டி பைப் புதைத்துப் பூசிவிடலாம் என்கிறார். பாவில் இன்னும் பாதிகூட நெய்து முடியவில்லை, அதில் கான்கிரீட் தூசி விழுந்தால் அவ்வளவுதான். வேறு வழி உண்டா?

சூரமங்கலம் ஒயர்மேன்:
தம்பி, சீலிங்கை வெட்ட விடாதீர்கள். தூசி ஒரு பக்கம் இருக்கட்டும், தளத்தில் கம்பிக்குக் கீழே இருக்கும் கான்கிரீட்டே சுமார் 20 மி.மீ.தான். புதைக்கும் பைப்பும் 20 மி.மீ. என்றால் கம்பியைத் தொடாமல் எப்படி வெட்டுவது? ஈரம் ஏறிக் கம்பி துருப்பிடித்தால் உப்பிப் பூச்சைத் தள்ளிவிடும். தளம் போடும்போதே பைப்பைக் கம்பிக்கு மேலே கட்டுவது அதனால்தான்.

சுவிட்ச் போர்டிலிருந்து ஃபேன் பாக்ஸ் வரை உங்களுக்கு ஏற்கெனவே பைப் இருக்கிறது. மெயினை ஆஃப் செய்து, டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டு, ஃபேன் கப்பை இறக்கி, போர்டிலிருந்து ஸ்பிரிங் (பைப்புக்குள் ஒயரை இழுக்க விடும் கம்பி) விட்டுப் பாருங்கள். நடுவில் முட்டினால் பலவந்தம் வேண்டாம், வளைவில் சிமென்ட் பால் இறங்கி இறுகியிருக்கும், மறுமுனையிலிருந்து விடுங்கள். 1 ஸ்கொயர் (சதுர மி.மீ.) ஒயர் தாராளம், 20 வாட் எல்.இ.டி. பேட்டன் (டியூப் மாதிரி நீள லைட்) 0.2 ஆம்பியர்கூட இழுக்காது. லைட்டுக்குத் தனி சுவிட்ச் ஒயர் இழுங்கள். நியூட்ரலை ஃபேனின் கருப்பு ஒயரில் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் பேஸும் அதே சர்க்யூட்டிலிருந்துதான் வர வேண்டும். லைனுக்கு லைன் தனி ஆர்.சி.சி.பி. (மின்கசிவு இருந்தால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருந்து, பேஸ் ஒரு லைனிலும் நியூட்ரல் வேறு லைனிலும் எடுத்தால் அது விழுந்துகொண்டே இருக்கும், காரணம் தெரியாமல் மாதக்கணக்கில் அலைவீர்கள். பேட்டன் தகர பாடி என்றால் பச்சை எர்த் ஒயரும் சேர்த்து இழுங்கள். பாக்ஸிலிருந்து தறி வரை நாலடிக்கு கேசிங் பட்டி (ஒயரை மூடும் பிளாஸ்டிக் பட்டை) ஒட்டி அதற்கும் வெள்ளை அடித்துவிட்டால் உற்றுப் பார்த்தால்தான் தெரியும்.

நாகலூர் காபித்தோட்டம்:
நாங்கள் ஏற்காட்டில் ஓட்டு வீடு, அடியில் பலகை சீலிங். மேலே இடம் தாராளமாக இருக்கிறதே என்று பைப் இல்லாமல் ஒயரை அப்படியே பலகை மேல் ஓடவிட்டிருந்தோம். ஐப்பசி மழையில் ராத்திரிக்கு ராத்திரி கரண்ட் போனது. கடைசியில் ஒரு பலகையைக் கழற்றிப் பார்த்தால் எலி கடித்து விரல்நகம் அளவுக்குச் செம்பு வெளியே தெரிகிறது, அடியில் மரம் கருகியிருக்கிறது. அன்றைக்கு வந்த பயம் இன்னும் போகவில்லை. உங்கள் வீட்டில் நூலும் பஞ்சும் பறக்கும், ஜாயின்ட்டை டேப் சுற்றித் தொங்கவிடாதீர்கள். கனெக்டர் போட்டு மூடியுள்ள பாக்ஸுக்குள் வையுங்கள்.

கொண்டலாம்பட்டி அக்கா:
நானும் தறிக்காரிதான். லைட்டைத் தலைக்கு நேர் மேலே போடாதே தம்பி, குனிந்தால் தலை நிழல் விழும். பண்ணைக்கு (ஊடையை நெருக்கி அடிக்கும் சீப்புக்கு) மேலே, கொஞ்சம் முன்னால் தள்ளி, தறியின் அகலத்துக்கே பேட்டன் வரட்டும். பேட்டனைத் தொங்கவிடும் கொக்கிக்குத் துளை போடும்போது போர்டுக்கும் ஃபேனுக்கும் இடையே உள்ள நேர்கோட்டை விட்டுவிடு, பைப் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் போகும். எங்கள் வீட்டில் ட்ரில் அதில் இறங்கி ஒயர் அறுந்து, ஃபேன் இல்லாமல் மூன்று நாள் வெந்தோம்.

தறிவீடு:
எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை வேறொருவரை வைத்து முடித்தோம். போர்டிலிருந்து விட்ட ஸ்பிரிங் முட்டி நின்றது, ஃபேன் பக்கமிருந்து விட்டதும் வந்துவிட்டது. பாவு மேல் இரண்டு பழைய போர்வை போர்த்தியிருந்தோம், கொக்கிக்குப் போட்ட துளைத் தூசி மட்டும்தான் விழுந்தது. அக்கா சொன்னபடியே பண்ணைக்கு முன்னால் பேட்டனைச் சங்கிலியில் இறக்கியிருக்கிறோம். நேற்று ஏழு மணிக்கு மேல் அறுந்த இழையை அம்மா தடவாமல் பார்த்தே பிணைத்தார்.