வில்லியம்ஸ்பர்க் ஆளுநர் மாளிகை: அசல் இல்லையென்றால் பார்க்கப் போகலாமா?

செங்கல்:
அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஆங்கிலேய ஆளுநர்கள் குடியிருந்த மாளிகை இப்போது அருங்காட்சியகம். குடும்பத்தோடு போய்வந்தோம். வாசல் கூடத்தில் சுவர் முழுக்கத் துப்பாக்கியும் வாளும். பிள்ளைகள் வாயைப் பிளந்து நின்றார்கள். உள்ளே போன பிறகுதான் எனக்கே தெரிந்தது, அசல் மாளிகை 1781 டிசம்பரில் எரிந்துவிட்டது, நாங்கள் நிற்பது ராக்ஃபெல்லர் என்ற அமெரிக்கக் கோடீஸ்வரரின் பணத்தில் கட்டி 1934இல் திறந்த கட்டடம் என்று. பார்த்தது போலி என்று மனசே விட்டுப்போயிற்று. வெறும் அடித்தளத்தைக் காட்டியிருந்தால்கூட அது உண்மையாக இருந்திருக்கும். நான் யாரையும் போகச் சொல்ல மாட்டேன்.

வேப்பமரம்:
அண்ணா, கற்பனையில் கட்டியது போலப் பேசாதீர்கள். அமெரிக்க விடுதலைப் போரின்போது ஆளுநராக அங்கேயே குடியிருந்த, பின்னாளில் அமெரிக்க அதிபரான ஜெபர்சன் அளந்து வரைந்த தரைத்தளப் படம் இருக்கிறது. மாளிகையின் முகப்பைப் பொறித்த செப்புத்தகடு 1929இல் ஆக்ஸ்போர்டின் போட்லியன் நூலகத்தில் கிடைத்தது. 1770இல் ஆளுநர் போட்டெடோர்ட் இறந்தபோது அறை அறையாக எழுதிய சாமான் பட்டியலும் உண்டு. பழைய அடித்தளத்தைத் தோண்டியெடுத்து அதன் மேலேயேதான் எழுப்பினார்கள். இத்தனை சான்றோடு கட்டியதைப் போலி என்பது அந்த உழைப்புக்குச் செய்யும் அநியாயம்.

செங்கல்:
தம்பி, நீங்களே தரைத்தளம் என்கிறீர்கள். தகட்டில் இருப்பது வெளித்தோற்றம். அப்படியானால் மாடி அறைகளின் மரவேலைக்கு என்ன ஆதாரம்? அந்தக் காலத்து வேறு வீடுகளைப் பார்த்துச் செய்த ஊகம்தானே? ஊகம் தப்பில்லை. ஆனால் பார்க்கிற குழந்தைக்கு எது சான்று, எது ஊகம் என்று பிரித்துத் தெரியாது. என் கவலை அதுதான்.

கீழ்க்காற்று:
இருவரும் செங்கல்லைப் பற்றியே பேசுகிறீர்கள். அந்த வீட்டில் சமைத்து, விறகு சுமந்து, படுக்கை விரித்தவர்களில் பலர் அடிமைகள். கடைசி ஆங்கிலேய ஆளுநர் டன்மோர் 1775 ஜூனில் தப்பியோடினார். அதே ஆண்டு நவம்பரில், ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்த கிளர்ச்சிக்காரர்களின் அடிமைகள் தன் படையில் சேர்ந்தால் விடுதலை என்று அறிவித்தார். அவரிடமே அடிமைகள் இருந்தார்கள். இந்தக் கதையைச் சொல்ல அந்த வீட்டைவிட நல்ல இடம் ஏது?
இன்னொன்று. 1781இல் ஆங்கிலேயப் படை தோற்ற யார்க்டவுன் போருக்குப் பிறகு மாளிகை மருத்துவமனையாக இருந்தது. 1930இல் தோட்டத்தைத் தோண்டியபோது 150க்கும் மேற்பட்ட கல்லறைகள் வெளிப்பட்டன, பெரும்பாலும் படைவீரர்களுடையவை. அவர்கள் இன்னும் அங்கேதான் கிடக்கிறார்கள். செங்கல் ஐயா, அந்தப் பக்கம் போனீர்களா?

செங்கல்:
போகவில்லை. பிள்ளைகளுக்குப் பசி, நேரே வெளியே வந்துவிட்டோம். கல்லறை இருப்பதே இப்போதுதான் தெரிகிறது, தெரிந்திருந்தால் கட்டாயம் நின்றிருப்பேன். "யாரையும் போகச் சொல்ல மாட்டேன்" என்றதை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் 1934 என்பதை வாசலிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே கூட்டிப்போக வேண்டும். இதில் நான் மாறமாட்டேன்.

வேப்பமரம்:
அதில் எனக்கும் மறுப்பில்லை அண்ணா. போலி என்ற சொல்லை மட்டும் விட்டுவிடுங்கள்.