அலிகேட்டர் கறி சாப்பிடலாமா? லூசியானாவுக்குப் புதுசா வந்தவங்களுக்கு

கேள்வி:
மாஸ்டர்ஸ் படிக்க பேட்டன் ரூஜ் வந்து கொஞ்ச நாள்தான் ஆகுது. அடுத்த சனிக்கிழமை ஃப்ளோரிடாவோட ஃபுட்பால் மேட்ச். அதுக்கு முன்னாடி மைதானத்துக்கு வெளிய கூட்டமா சமைச்சுச் சாப்பிடற டெயில்கேட்டுக்கு லேப்ல எல்லாரும் கூப்பிடறாங்க. முழு அலிகேட்டரை, அதாவது இங்கத்த முதலையை, நெருப்புல வாட்டுவாங்களாம்! நான் கோழி, ஆடு, மீன் சாப்பிடுவேன். மாடும் பன்றியும் தொட மாட்டேன். இது சட்டப்படி சரியா? வேண்டாம்னு சொன்னா தப்பா நினைப்பாங்களா? இங்க ரொம்ப நாளா இருக்கிற அக்கா, அண்ணா யாராவது சொல்லுங்க.

பதில்:
தம்பி, தாராளமா போய்ட்டு வாங்க. ஃப்ளோரிடா டீமோட பேரே கேட்டர்ஸ்தான், அலிகேட்டரோட சுருக்கம். அதனாலதான் அந்த மேட்சுக்கு மட்டும் இந்தக் கூத்து. எதிரணியைச் சுட்டுத் தின்னுட்டோம்னு அவங்களுக்கு ஒரு குஷி.

சட்டத்தைப் பத்திக் கவலையே வேண்டாம். கண்டபடி வேட்டையாடி எண்ணிக்கை குறைஞ்சதால 1962ல லூசியானா அலிகேட்டர் வேட்டையையே நிறுத்திடுச்சு. பத்து வருஷம் கழிச்சு, 1972ல, கேமரன் பாரிஷ்ல (பாரிஷ்னா இங்க மாவட்டம் மாதிரி) மட்டும் கட்டுப்பாட்டோட திறந்துவிட்டாங்க. மத்திய அரசு 1967ல அழியும் நிலையில இருக்கிற உயிரினமா அறிவிச்சது, 1987ல மீண்டுடுச்சுன்னு சொல்லிடுச்சு. இன்னிக்கும் மாநிலம் கொடுக்கிற டேக் (அனுமதி அட்டை) இல்லாம ஒண்ணைக்கூடப் பிடிக்க முடியாது. ஆகஸ்ட் கடைசியில கிழக்குப் பகுதிக்கும் செப்டம்பர் தொடக்கத்துல மேற்குப் பகுதிக்கும் சீசன் ஆரம்பிக்கும். பண்ணைக்காரங்க சதுப்பு நிலத்துல இருந்து முட்டையை எடுத்துப் பொரிக்க வச்சு வளர்ப்பாங்க, அதுல ஒரு பங்கு குட்டிகளைத் திரும்பக் காட்டுல விடணும். முட்டைக்குக் காசு வர்றதால சதுப்பு நிலத்துக்காரங்களுக்கும் அந்த நிலத்தைச் சதுப்பாவே வச்சிருக்க ஒரு காரணம் இருக்கு. "ஐயோ, அழிஞ்சு போற பிராணியாச்சே"ன்னு நம்ம ஆளுங்க தயங்கறது நல்ல குணம்தான். ஆனா இங்க அதுக்கு வேலை இல்லை.

நீங்க உண்மையில கவனிக்க வேண்டியது அலிகேட்டரை இல்லை, அது கூட என்ன வருதுன்னுதான். முழுசா சுடும்போது கறி காஞ்சு போயிடக்கூடாதுன்னு மேல பேக்கனைச் சுத்தற வழக்கம் உண்டு. அது பன்றி. சிலர் வயித்துக்குள்ள சாசேஜை அடைப்பாங்க. அதுவும் பெரும்பாலும் பன்றிதான். கடையில 'அலிகேட்டர் சாசேஜ்'னு போட்டிருந்தா பாக்கெட்டைத் திருப்பிப் படிங்க. பாதிக்கு மேல பன்றிக் கறியும் பன்றிக் குடலுமா இருக்கிறது சர்வ சாதாரணம். சுத்த அலிகேட்டர் மட்டும் வச்ச சாசேஜைத்தான் தேடிப் பிடிக்கணும். கம்போங்கிற குழம்பு, ஜம்பலாயாங்கிற சோறு ரெண்டுலயும் பெரும்பாலும் ஆண்டூயி சாசேஜ் இருக்கும். அதுவும் பன்றி. ஆமை சூப்ல சில இடத்துல கன்னுக்குட்டிக் கறி கலப்பாங்க. பூடான்ங்கிறது அரிசி, பன்றிக் கறி, பன்றி ஈரல் எல்லாம் சேர்த்து அடைச்சது. பார்க்க சாதுவா இருக்கும், ஏமாந்துடாதீங்க.

அதனால "இதுல என்ன இருக்கு?"ன்னு கேக்காதீங்க. "அலிகேட்டர்"னு ஒரே வார்த்தையில முடிச்சிடுவாங்க. "ஐ டோன்ட் ஈட் போர்க் ஆர் பீஃப், இஸ் தேர் எனி இன் திஸ்?"னு நேரா கேளுங்க. சமைக்கிறவரே யோசிச்சு, "ஓ, அதுல பேக்கன் இருக்கே, இதை எடுத்துக்கோ"ம்பார். வேண்டாம்னு சொன்னா இங்க யாரும் மனசுல வச்சுக்க மாட்டாங்க. வீட்டுல அத்தை பரிமாறும்போது மறுக்கிற மாதிரி தர்மசங்கடமெல்லாம் கிடையாது. "நோ தேங்க்ஸ், ஐ ஆம் குட்"னா முடிஞ்சது. காரணம் விளக்கி ஒரு பிரசங்கம் பண்ணினாதான் அவங்க நெளிவாங்க.

எண்ணெயும் ஒரு விஷயம். பொரிச்ச அலிகேட்டர் தர்ற கடையில இறால், கேட்ஃபிஷ், ஆய்ஸ்டர் எல்லாம் அதே எண்ணெயிலதான் போகும். இறால் ஒத்துக்காதவங்க இதைக் கட்டாயம் கேக்கணும். மீனோ கோழியோ அலர்ஜியா இருக்கிறவங்களுக்கு முதலை இனக் கறியும் ஒத்துக்காம போன சம்பவங்கள் மருத்துவப் பதிவுகள்ல இருக்கு. அப்படிப்பட்டவங்க டாக்டரைக் கேக்காம வாயில வைக்க வேண்டாம்.

சுவை எப்படி இருக்கும்னு நீங்க கேக்கலை, ஆனா கேக்கப் போறீங்க. எல்லாரும் கோழி மாதிரின்னுதான் சொல்வாங்க. வாலை நல்லாச் சமைச்சா கோழி நெஞ்சுக்கும் கெட்டியான மீனுக்கும் நடுவுல எங்கயோ இருக்கும், லேசா சேத்து மீன் வாசம் வரும். காலும் உடம்பும் கருத்த கறி. நார் அதிகம், வாசமும் தூக்கல். அதனால முதல் தடவை வாலைக் கேட்டு வாங்குங்க. ரெஸ்டாரன்ட்ல ரெமூலாட் சாஸோட வர்ற பொரிச்ச துண்டுகள் பயத்தைத் தெளிவிக்க நல்லதுதான். ஆனா அதுல நீங்க சாப்பிடறது முக்கால்வாசி மாவையும் சாஸையும்தான். கறியோட ருசி தெரியணும்னா பிளாக்கன்ட்னு கேளுங்க, மசாலா தடவிச் சூடான சட்டியில கருக்க வாட்டினது. இல்லன்னா தக்காளி போட்டு மெதுவா வேகவச்ச சாஸ் பிக்கான்ட். என் வோட்டு சாஸ் பிக்கான்டுக்குத்தான். காரமும் நம்ம நாக்குக்குப் பத்தும்.

வீட்டுல சமைக்கணும்னா உறைஞ்ச வால்கறி பாக்கெட்டுல கிடைக்கும். விலை கோழியைவிடப் பல மடங்கு, அதனால முதல்ல ஒண்ணு மட்டும் வாங்குங்க. ஃபிரிட்ஜுக்குள்ளேயே வச்சு உருக விடுங்க, சிங்க்ல வெளிய போட்டு வைக்காதீங்க. பிரிச்சதும் வெளிறிய ரோஜா நிறத்துல கறி உருளை உருளையா இருக்கும். அதுக்கு நடுவுல மெழுகு மாதிரி கொழுப்பு ஒட்டியிருக்கும். சேத்து வாசம் முழுக்க அந்தக் கொழுப்புலதான் இருக்கு, ஒரு பொட்டு விடாம கத்தி நுனியால சுரண்டி எடுத்துடுங்க. மேல இருக்கிற வெள்ளி நிற ஜவ்வையும் உரிச்சிடணும். விட்டா வேகும்போது சுருங்கிக் கறியை இழுத்துப் பிடிச்சுக்கும். நாருக்குக் குறுக்கே மெல்லிசா அரிஞ்சு, ரெண்டு தட்டு தட்டி, மோர்ல சில மணி நேரம் ஊற வைங்க. அப்புறம் உங்க மிளகு வறுவலோ எதுவோ உங்க இஷ்டம். நல்ல சூட்டுல சட்டுனு எடுக்கணும், இல்ல மூடி போட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல விடணும். ரெண்டுக்கும் நடுவுல நிறுத்தினா ரப்பர்தான். வறுத்து எடுக்கிறதா இருந்தாலும் உள் சூடு 165 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 74 டிகிரி செல்சியஸ் வந்துடணும். ஊர்வன கறியில சால்மோனெல்லாக் கிருமி இருக்கலாம். பச்சைக் கறி பட்ட பலகையில சாலட்டுக்கு வெட்டாதீங்க.

மத்ததையும் ஓட்டமா சொல்லிடறேன். கிராஃபிஷ், அதாவது நன்னீர்ல வளர்ற குட்டிச் சிங்கி இறால் மாதிரி ஒண்ணு, கட்டாயம் சாப்பிடணும். மார்ச், ஏப்ரல் வரைக்கும் காத்திருங்க, அப்போதான் பெரிசாவும் மலிவாவும் வரும். தவளைக்கால் மென்மையான கறி, அலிகேட்டரைவிட அதுதான் நல்ல தொடக்கம்னு நான் சொல்வேன். ரெயின்னு ஒரு ஊரே உலகத் தவளைத் தலைநகரம்னு பட்டம் வச்சிருக்கு. நியூட்ரியாங்கிறது சதுப்புப் புல்லை வேரோட தின்னு அழிக்கிற பெரிய கொறிக்கும் பிராணி. வாலைக் கொண்டுவந்தா மாநிலம் ஒவ்வொரு வாலுக்கும் காசு கொடுக்குது, கறியைச் சாப்பிடச் சொல்லி விளம்பரமும் பண்ணிப் பார்த்தாங்க. எடுபடலை, எனக்கும் ஆசை வரலை. பைசன் மாட்டினம்தான், உங்களுக்கு ஆகாது.

இன்னொருத்தர் கேட்டது:
அக்கா, நாங்க முஸ்லிம். கடல் உணவு மாதிரிதான்னு ஒரு நண்பர் சொல்றார். சரியா?

பதில்:
அந்த நண்பர் சொல்றது இங்கத்த அரசுக் கணக்கு. அமெரிக்க உணவுத் துறை விதியில அலிகேட்டர் மீன் வகையோட சேர்ந்துதான் வருது. கத்தோலிக்கர் வெள்ளிக்கிழமை கறியைத் தவிர்க்கிற தவக்காலத்துல இதைச் சாப்பிடலாமான்னு ஒருத்தர் கேட்டதுக்கு நியூ ஆர்லியன்ஸ் பேராயர் கிரிகரி அய்மண்ட் 2010ல, அலிகேட்டர் மீன் இனமா கருதப்படும்னு கடிதமே எழுதினார். நம்ம கத்தோலிக்க நண்பர்களுக்கு அது உதவும், உங்களுக்கு உதவாது. ஷாஃபி, ஹனஃபி ரெண்டு மத்ஹப்லயும் (இஸ்லாமியச் சட்ட மரபு) முதலைக்கு அனுமதி இல்லை. டெயில்கேட்டுக்குப் போங்க, சோளமும் உருளைக்கிழங்கும் இருக்கும். ஆனா அது சாசேஜ் போட்ட அதே பானையில வெந்ததான்னு கேட்டுக்கோங்க.

கேள்வி கேட்ட தம்பி:
ரொம்ப நன்றி அக்கா. போறேன். இன்னொண்ணு: லேப் சீனியர் ஒருத்தர் தானே வேட்டையாடின மான் கறியை உறைய வச்சுத் தர்றேன்னார். வாங்கலாமா?

பதில்:
வாங்கலாம். அது இங்க பெரிய மரியாதை. காட்டுல சுட்ட மானைக் கடையில விக்கவே கூடாது, இப்படிக் கை மாறினாதான் உண்டு. வாங்கறதுக்கு முன்னாடி எந்தப் பாரிஷ்ல சுட்டதுன்னு கேளுங்க. மான்களுக்கு மூளையைத் தாக்குற சி.டபிள்யூ.டி.ங்கிற நோய் 2022ல டென்சாஸ் பாரிஷ்ல கண்டுபிடிச்சாங்க. மனுஷங்களுக்குப் பரவினதா நிரூபணம் இல்லை, ஆனாலும் நோய் உறுதியான மானைச் சாப்பிடாதீங்கன்னுதான் அமெரிக்க நோய்த் தடுப்பு அமைப்பான சி.டி.சி. சொல்லுது. அந்தப் பக்கத்து மான்னா "டெஸ்ட் பண்ணியாச்சா?"ன்னு தயங்காம கேளுங்க, வேட்டைக்காரங்களுக்கு அது பழகின கேள்விதான். கறி அரைச்சதான்னும் கேளுங்க. மான்ல கொழுப்பே இல்லாததால அரைக்கும்போது பன்றிக் கொழுப்போ மாட்டுக் கொழுப்போ கலக்கிறது வழக்கம். உங்களுக்குத் துண்டாவே வேணும்னு சொல்லிடுங்க. குண்டு பட்ட இடத்தைச் சுத்தி ஈயத்தூள் இருக்கலாம், அந்தப் பகுதியைத் தாராளமா வெட்டிப் போட்டுட்டு மிச்சத்தைச் சமைங்க.

அதே சீனியர் காட்டுப்பன்றியோ கரடியோ தந்தா நீங்க எப்படியும் வாங்கப் போறதில்லை. இதைப் படிக்கிற மத்தவங்களுக்குச் சொல்றேன்: ரெண்டுலயும் டிரிக்கினெல்லாப் புழு இருக்கலாம். கரடிக் கறியில வர்ற சில வகை, ஃபிரீசர்ல வச்சாலும் சாகாது. தெர்மாமீட்டர் 165 காட்டற வரைக்கும் அடுப்பை அணைக்காதீங்க.

தெர்மாமீட்டர் வால்மார்ட்ல கிடைக்கும். சனிக்கிழமைக்கு முன்னாடி ஒண்ணு வாங்கிக்கோங்க, கோழிக்கும் ஆகும்.