மச்சு வரைக்கும் நெட் வர வேண்டும்

குழு: ஆச்சி வீடு

வியாழன்

மதினி, காலை 9:14
கீழே யாராவது டிவி போட்டிருக்கிறீர்களா? மச்சில், மேல்மாடியில், நெட் மறுபடியும் இழுக்கிறது. மீட்டிங்கில் நான் பேசுவது பாதிதான் கேட்கிறதாம்.

பெரியம்மா, 9:16
டிவி காலையிலிருந்து அணைத்துத்தான் கிடக்கிறதும்மா.

பெரியப்பா, 9:21
இங்கேயும் அப்படித்தான். ஜிஎஸ்டி பக்கத்தைத் திறந்தால் வட்டம் சுற்றிக்கொண்டே நிற்கிறது. இன்றைக்கு 18 ஆகிவிட்டது. 20க்குள் 3பி, மாத ஜிஎஸ்டி ரிட்டர்ன், போட்டாக வேண்டும். ஓடிபி வந்து அதை அடிப்பதற்குள் பக்கம் போய்விடுகிறது.

செல்வம் அண்ணன், 9:24
கனெக்‌ஷன்காரர்களுக்குப் போன் போட்டேன். 100 எம்பிபிஎஸ் வேக பிளானில் இருந்து 300க்கு மாறச் சொல்கிறார்கள். மாதா மாதம் கூட ஆகும். மாற்றிவிடலாமா அப்பா?

கார்த்திக், 9:31
அண்ணே, இப்போது மாற்றாதீர்கள். கொஞ்சம் பொறுங்கள். நந்தினி வீட்டில் இருக்கிறாளா?

நந்தினி, 9:32
இருக்கிறேன் சித்தப்பா. காலேஜ் லீவு.

கார்த்திக், 9:33
போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு வைஃபையில் மட்டும் ஃபாஸ்ட் டாட் காம் திற, நெட் வேகத்தைக் காட்டும். பட்டாசலில் (முன்கூடத்தில்) ரூட்டர் பக்கத்தில் நின்று ஒரு தடவை, மச்சில் அம்மா மேசையில் ஒரு தடவை, உன் அறையில் ஒரு தடவை. உன் லேப்டாப்பிலும் பார்த்துச் சொல்.

நந்தினி, 9:45
ரூட்டர் பக்கத்தில் 94. அம்மா மேசையில் 6. என் அறையில் போனில் 9, லேப்டாப்பில் 2.

கார்த்திக், 9:47
போதும், விஷயம் தெரிந்துவிட்டது. மொட்டைமாடியில் நெட் சிக்னலை வாங்குகிற 5ஜி பெட்டியிலிருந்து ரூட்டர் வரைக்கும் கொடுக்கிற காசுக்கு ஒழுங்காக வருகிறது. ரூட்டரில் இருந்து உங்கள் கம்ப்யூட்டருக்கு வருகிற வழியில்தான் தேய்ந்து போகிறது. 300 வாங்கினாலும் மச்சில் இதே 6தான் வரும்.

பெரியப்பா, 9:50
தம்பி, மச்சுக்கு வரவில்லை, சரி. நான் ரூட்டரில் இருந்து பத்தடியில் அல்லவா உட்கார்ந்திருக்கிறேன்?

கார்த்திக், 10:08
இரண்டு காரணம் பெரியப்பா. ஒன்று, ரூட்டர் ஆச்சியின் இரும்பு பீரோவுக்குப் பின்னால் இருக்கிறது. செங்கல் சுவர் சிக்னலைக் குறைக்கும். இரும்பு பீரோ அப்படியே திருப்பி அனுப்பிவிடும். உங்கள் ஆபீஸ் அறை பீரோவின் நிழலில் இருக்கிறது.

இரண்டாவதுதான் முக்கியம். வைஃபையில் ஒரு சேனலில், அதாவது ஒரு அலைப் பாதையில், ஒரு நேரத்தில் ஒரு பெட்டிதான் பேச முடியும். மற்றதெல்லாம் காத்திருக்கும். சிக்னல் நன்றாக இருக்கிற கம்ப்யூட்டர் தன் வேலையைச் சட்டென்று முடித்துக்கொண்டு விலகிவிடும். நாலு சுவர் தாண்டி இருப்பது, எதிர்முனைக்குக் கேட்க வேண்டும் என்று மெதுவாகப் பேசும். கேட்கவில்லை என்றால் திரும்பவும் சொல்லும். அது முடிக்கிற வரைக்கும் பக்கத்தில் இருப்பவரும் நிற்க வேண்டியதுதான். ஒருவருக்குச் சிக்னல் மோசமானால் அந்தச் சேனலில் இருக்கிற எல்லாருக்கும் வேகம் குறைவது இதனால்தான்.

உங்கள் சிபியுவின் முதுகில் குத்தியிருக்கிற யுஎஸ்பி டாங்கிள், வைஃபை பிடிக்கிற குச்சி, அதற்கு வைஃபையின் இரண்டு அலைவரிசைகளான 2.4, 5 கிகாஹெர்ட்ஸில் 2.4 மட்டும்தான் தெரியும். நந்தினியின் லேப்டாப், அத்தை +2 படிக்கும்போது அரசு கொடுத்தது. அதிலும் 2.4 மட்டும்தான். அண்ணன் மாட்டிய வாசல் கேமரா, புறவாசல் கேமரா இரண்டும் அதே 2.4. நாலும் ஒரே வரிசையில் நிற்கின்றன.

நந்தினி, 10:10
அப்போ என் லேப்டாப்பால்தான் தாத்தாவுக்கு நெட் வரவில்லையா? நான் வேண்டுமானால் பகலில் அணைத்து வைக்கிறேன்.

கார்த்திக், 10:11
அணைக்கக் கூடாது. அது படிக்கிற லேப்டாப். அதற்கு நல்ல வழி கொடுத்துவிட்டால் உனக்கும் வேகம் வரும், தாத்தாவுக்கும் வரும்.

மதினி, 10:40
மீட்டிங் முடிந்தது. என்னுடையது புது லேப்டாப், 5 கிகாவும் எடுக்கும். அப்படியும் 6தானா?

கார்த்திக், 10:44
5 கிகாவில் வேகம் அதிகம், ஆனால் கான்கிரீட் தளத்தைத் தாண்ட அதற்குத் தெம்பு குறைவு. மேலே வருவதற்குள் சிக்னல் விழுந்துவிடும், உடனே லேப்டாப் 2.4க்கு மாறி அதே வரிசையில் போய் நிற்கும். அங்கே மொத்தமே 1, 6, 11 என்று மூன்று சேனல்கள்தான் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் ஓடும். ப்ளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு, எதிர்வீட்டு ரூட்டர் எல்லாமே அந்தப் பக்கம்தான்.

மீட்டிங்கில் உங்கள் குரல் உடைவதற்குக் கேமராக்களும் ஒரு காரணம். அவை நாள் முழுக்கப் படத்தை இணையத்துக்கு ஏற்றிக்கொண்டே இருக்கின்றன. 5ஜி கனெக்‌ஷனில் இறக்குகிற வேகத்தைவிட ஏற்றுகிற வேகம் ரொம்பக் குறைவு. உங்கள் குரலும் முகமும் போவது அந்தச் சின்ன வழியில்தான்.

செல்வம் அண்ணன், 10:52
கேமரா இல்லாமல் இருக்க முடியாது கார்த்தி. புறவாசல் வழியாகத்தான் கடைச் சரக்கு இறங்குகிறது.

கார்த்திக், 10:54
இருக்கட்டும் அண்ணே. ஆப்பில் போய், ஆள் நடமாட்டம் இருந்தால் மட்டும் பதிவு என்று வையுங்கள். மெமரி கார்டு போட்டால் படம் அதிலேயே நிற்கும். நீங்கள் திறந்து பார்க்கும்போது மட்டும் நெட்டை எடுக்கும்.

செல்வம் அண்ணன், 10:58
சரி. மச்சுக்கு ஒரு ரிப்பீட்டர் வாங்கிப் போடவா? பிளக்கில் குத்தினால் போதும் என்கிறார்கள்.

கார்த்திக், 11:05
அதை மட்டும் வாங்காதீர்கள். சாதாரண ரிப்பீட்டர் கேட்டதையே அதே சேனலில் இன்னொரு தடவை சொல்லும். ஒரு செய்தி இரண்டு தடவை காற்றில் போனால் வேகம் பாதியாகத்தானே ஆகும்? அதுவும் சிக்னல் விழுந்த இடத்தில் குத்தினால், விழுந்த சிக்னலைத்தான் பெருக்கித் தரும். மச்சுக்கு வயர் இழுக்க வழியே இல்லாத வீட்டுக்கு அது கடைசி வழி. நம் வீட்டில் வழி இருக்கிறது. மாடிப்படி ஓரமாக டிவி கேபிள் ஏறுகிற ஓட்டை இன்னும் அடைக்காமல்தானே இருக்கிறது?

பெரியம்மா, 11:07
இருக்கிறது. பல்லி வருகிறது என்று துணி அடைத்து வைத்திருக்கிறேன்.

கார்த்திக், 11:16
ரொம்ப நல்லது பெரியம்மா, அதுவே போதும்.

இனி இப்படிச் செய்வோம். இடத்தை விட்டு நகராததற்கெல்லாம் வயர், நகர்வதற்கு மட்டும் வைஃபை. பெரியப்பா கம்ப்யூட்டருக்கும் டிவிக்கும் ரூட்டரில் இருந்து நேராக வயர். மச்சுக்கு ஒரு வயர், அதன் முனையில் பரணில் கிடக்கிற பழைய ரூட்டர். அண்ணே, இன்றைக்கு பஜாரில் 5 மீட்டர் ரெடிமேட் லேன் வயர் இரண்டு மட்டும் வாங்குங்கள். பெரியப்பாவின் 3பி இன்றே முடியட்டும். மச்சு வேலையைச் சனிக்கிழமை நான் வந்து பார்க்கிறேன்.

பெரியப்பா, மாலை 5:38
வயர் மாட்டியாயிற்று. 3பி போட்டாயிற்று. பக்கம் ஒரு தடவைகூட நிற்கவில்லை. ரொம்ப சந்தோஷம் தம்பி.

நந்தினி, 5:51
சித்தப்பா, எனக்கு இன்று ராத்திரி என்பிடெல் ஆன்லைன் பாடத்தின் அசைன்மென்ட் அனுப்ப வேண்டும். தாத்தாவின் டாங்கிள் இப்போது சும்மாதானே இருக்கிறது? ஆபீஸ் அறைக்கும் என் அறைக்கும் நடுவில் ஒரே சுவர். தாத்தா கம்ப்யூட்டரில் இருந்து எனக்கு நெட் வாங்க முடியுமா?

கார்த்திக், 5:58
முடியும், நன்றாக யோசித்திருக்கிறாய். அது விண்டோஸ் 10. செட்டிங்ஸில் நெட்வொர்க் பக்கத்தில் மொபைல் ஹாட்ஸ்பாட் என்று இருக்கும். எதைப் பகிர வேண்டும் என்று கேட்கும் இடத்தில் ஈதர்நெட்டை, அதாவது வயரில் வருகிற நெட்டை, தேர்ந்தெடு. பெயரும் பாஸ்வேர்டும் நீயே கொடுக்கலாம். 8 பேர் வரைக்கும் சேரலாம். வயரில் வருகிற நெட்டை டாங்கிள் உன் அறைக்கு அனுப்பும். பழைய டாங்கிள் சிலவற்றில் இந்த வசதி வேலை செய்யாது. அப்படியானால் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போய் டிவி வயரைக் கழற்றி அதில் குத்து.

இது இன்றைக்கு மட்டும். தாத்தா கம்ப்யூட்டரை அணைத்தால் உன் நெட்டும் போய்விடும்.

நந்தினி, இரவு 8:20
வேலை செய்கிறது! 24 வருகிறது. பாட வீடியோ நிற்காமல் ஓடுகிறது.

மதினி, 8:22
எனக்கும் மச்சில் முன்னைக்குப் பரவாயில்லை. கீழே இரண்டு பேர் வரிசையை விட்டு விலகியதாலா?

கார்த்திக், 8:23
அதேதான் மதினி.

வெள்ளி

செல்வம் அண்ணன், காலை 11:30
மச்சுக்கு இழுக்க கடையில் கேட் 6 லேன் வயர் இரண்டு விலையில் இருக்கிறது. பார்க்க ஒரே மாதிரிதான். எது?

கார்த்திக், 11:34
விலை குறைந்தது பெரும்பாலும் அலுமினியக் கம்பி மேல் செம்பு பூசியது. முனையைக் கொஞ்சம் சீவிக் கத்தியால் சுரண்டச் சொல்லுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் வேண்டாம். முழுச் செம்பு வாங்குங்கள், 25 மீட்டர் போதும். ஒரே இழுப்பில் 100 மீட்டர் வரைக்கும் தாங்கும், அதனால் தூரத்தைப் பற்றிக் கவலை இல்லை. ஆனால் கரண்ட் வயர் போகிற பைப்பில் இதைச் சேர்த்து விடக் கூடாது, தனியாகத்தான் போக வேண்டும்.

சனி

கார்த்திக், பகல் 12:40
பீரோவுக்குப் பின்னால் இருந்த ரூட்டரை ஜன்னலுக்கு மேல் அலமாரியில் ஏற்றிவிட்டோம். வயர் மச்சு வரை போய்விட்டது. இப்போது முனை அடிக்கிறோம். பின்னால் யாராவது மாற்ற நேர்ந்தால் உதவும் என்று எழுதி வைக்கிறேன். பிளக்கின் கொக்கி கீழே இருக்கும்படி பிடித்தால் இடமிருந்து வலமாக வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பழுப்பு, பழுப்பு. இரண்டு முனையும் இதே வரிசை. எட்டுக் கம்பியும் முனை வரை போய்த் தொட்டால்தான் முழு வேகம். நாலு மட்டும் தொட்டால் 100க்கு மேல் போகாது.

நந்தினி, 1:25
மச்சு ரூட்டரில் நான்தான் செட்டிங் போட்டேன். கீழே இருக்கிற ரூட்டரின் முகவரி 192.168.1.1. மேலே இருப்பதை 192.168.1.2 என்று மாற்றினேன். கம்ப்யூட்டர்களுக்கு முகவரி கொடுக்கிற டிஎச்சிபியை அணைத்தேன். வயரை, வெளி நெட் வருவதற்கென்று தனியாக இருக்கிற வேன் (WAN) ஓட்டையில் குத்தாமல், வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கான லேன் (LAN) ஓட்டையில் குத்தினேன். ஆனால் ஏன் அப்படி என்று கேட்க மறந்துவிட்டேன்.

கார்த்திக், 1:33
வேன் ஓட்டையில் குத்தினால் மேல் ரூட்டர் தனியாக ஒரு வீடு நடத்த ஆரம்பித்துவிடும். அம்மாவின் லேப்டாப்புக்கு நெட் வரும், ஆனால் ஆபீஸ் அறைப் பிரின்டர் கண்ணுக்குத் தெரியாது. லேனில் குத்தி டிஎச்சிபியை அணைத்தால் முகவரி கொடுப்பது கீழ் ரூட்டர் மட்டும். எல்லாக் கம்ப்யூட்டரும் ஒரே வீட்டில் இருக்கும்.

2.4ல் கீழே சேனல் 1, மேலே 11. 5 கிகாவில் கீழே 36, மேலே 149. இரண்டும் ஒன்றின் வரிசையில் ஒன்று நிற்காது. பெயரும் பாஸ்வேர்டும் இரண்டுக்கும் ஒன்றுதான், அதனால் போனோடு படி ஏறினால் அதுவாக மாறிக்கொள்ளும்.

மதினி, 2:05
மேசையில் 91 வருகிறது. மச்சில் இருந்தபடியே ஆபீஸ் அறைப் பிரின்டருக்குக் காகிதம் அனுப்பிவிட்டேன். மாமா, எடுத்து வையுங்கள்.

பெரியப்பா, 2:07
எடுத்துவிட்டேன்ம்மா. கரண்ட் போனால் என்ன செய்வது?

கார்த்திக், 2:12
மாடிப் பெட்டிக்குக் கரண்ட் போவதும் ரூட்டர் பக்கத்து அடாப்டரில் இருந்து அதே நெட் வயர் வழியாகத்தான். அதனால் கீழே இரண்டு அடாப்டர், மேலே ஒன்று, மூன்றையும் இன்வர்ட்டர் லைனில் போட்டுவிட்டோம். ஒன்றை விட்டாலும் பயன் இல்லை.

பெரியம்மா, 2:20
எதிர்வீட்டுப் பையனுக்கும் பரீட்சையாம். பாஸ்வேர்டு கேட்கிறான். கொடுக்கலாமா?

கார்த்திக், 2:26
படிக்கிற பிள்ளைக்குக் கொடுக்கலாம் பெரியம்மா. ஆனால் நம் பாஸ்வேர்டு வேண்டாம். கனெக்‌ஷன் பெரியப்பா பெயரில் இருக்கிறது, அதில் யார் என்ன செய்தாலும் முதலில் கேள்வி வருவது அவரிடம்தான். கெஸ்ட் நெட்வொர்க் என்று தனியாக ஒன்று திறந்து வைத்திருக்கிறேன். அதில் நெட் மட்டும் கிடைக்கும், கடைக் கணக்கு இருக்கிற கம்ப்யூட்டர் தெரியாது. பரீட்சை முடிந்ததும் அணைத்துவிடலாம்.

நந்தினி, இரண்டு ரூட்டரிலும் உள்ளே போகிற அட்மின் பாஸ்வேர்டு இன்னும் அட்டையில் அச்சடித்ததுதான் இருக்கிறது. அதையும் மாற்றிவிடு.

நந்தினி, 2:41
மாற்றிவிட்டேன் சித்தப்பா. தாத்தாவின் கணக்கு நோட்டில் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். குழுவில் போடவில்லை.