மறு: டோப்பிங் – மாசூட்டலா, ஊட்டலா?

வணக்கம்.

வெப்ப வேறுபாட்டை மின்சாரமாக்கும் நெகிழும் வெப்பமின் படலங்கள் பற்றிய கட்டுரையிலும், கடத்துதிறனை மாற்ற வேறொரு பொருளைச் சேர்க்கும் டோப்பிங்கை ‘மாசூட்டல்’ என்றே எழுதலாம், பழகிய சொல்தானே என்கிறீர்கள். சிலிக்கானுக்குச் சரி. பத்து லட்சம் அணுவுக்கு ஒன்று என்ற கணக்கில் பாசுபரசு சேர்த்தாலே அதன் குணம் மாறிவிடும், அது மாசுதான்.

மின்கடத்தும் பலபடியில் (பாலிமரில்) நடப்பது வேறு. 1977இல் பாலிஅசெட்டிலீன் மீது அயோடின் ஆவியைப் படரவிட்டார்களே, அங்கே எந்த அணுவும் இன்னொன்றின் இடத்தைப் பிடிக்கவில்லை. அயோடின் சங்கிலியிலிருந்து எலக்ட்ரானைப் பறித்துக்கொண்டு எதிரயனியாகப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டது. அளவும் கொஞ்சநஞ்சமல்ல. பெடாட் (PEDOT) என்ற மின்கடத்தும் பலபடியில் சுமார் மூன்று அலகுக்கு ஒரு மின்னூட்டம். இவ்வளவையும் மாசு என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். உண்மையான சிக்கல், டோப்பிங்கைக் குறைக்கும் டீடோப்பிங்கில் இருக்கிறது. மின்னூட்ட ஊர்திகள் (மின்னூட்டத்தைச் சுமந்து நகர்பவை) பெருகினால் கடத்துதிறன் ஏறும், சீபெக் கெழு (ஒரு பாகை வெப்பநிலை வேறுபாட்டுக்குக் கிடைக்கும் மின்னழுத்தம்) இறங்கும். சீபெக் கெழுவின் இருமடியைக் கடத்துதிறனால் பெருக்கினால் வருவது திறன் காரணி. ஆகவே அதன் உச்சம் இடையில் எங்கோதான் இருக்கும். பெடாட் பெரும்பாலும் தயாராகும்போதே அந்த உச்சத்தைத் தாண்டிவிடுகிறது. ஒடுக்கும் பொருளைக் காட்டி எலக்ட்ரான்களைக் கொஞ்சம் திருப்பிக் கொடுத்தால் திறன் காரணி கூடும். 2011இல் சுவீடனில் ஒரு குழு இப்படித்தான் அறை வெப்பநிலையில், வெப்பத்தை மின்சாரமாக்கும் திறமையைக் குறிக்கும் தகுதியெண்ணை (ZT) 0.25 வரை உயர்த்தியது. இதை ‘மாசு நீக்கல்’ என்று எழுதினால் படிப்பவர் சுத்திகரிப்பு என்றல்லவா நினைப்பார்?

ஆகவே மாசை விட்டுவிட்டு ‘ஊட்டல்’ என்று மட்டும் வைத்துக்கொள்வோம். ஊட்டுபொருள், ஊட்டளவு, ஊட்டுக்குறைப்பு என்று வரிசையாகக் கிளைக்கிறது. சத்துணவு நினைவு வரும் என்பீர்கள். மின்னூட்டம் என்னும்போது யாருக்கும் வருவதில்லையே. சங்கிலிக்கு மின்னூட்டம் தருவதே இந்த வேலை என்பதால் இரண்டும் உறவுச் சொற்களாகவும் அமைகின்றன.

அப்புறம் ஒன்று. டைமெத்தில் சல்பாக்சைடு என்ற கரைப்பானைச் சேர்ப்பதை ஆங்கிலத்தில் இரண்டாம் நிலை டோப்பிங் என்கிறார்கள். அது பலபடியின் மின்னூட்ட எண்ணிக்கையைப் பெரிதாக மாற்றுவதில்லை. சங்கிலிகள் அடுக்கப்படும் விதத்தைத்தான் மாற்றுகிறது. உலர்த்தும்போது ஆவியாகிப் போனாலும் கூடிய கடத்துதிறன் அப்படியே நிற்கும். அதற்குக் ‘கரைப்பான் பதனம்’ என்று எழுதிவைத்திருக்கிறேன். பதனம் பிடிக்காவிட்டால் வேறு சொல்லுங்கள், ஊட்டல் மட்டும் வேண்டாம்.