பிரேசில் சில்லறை: கைக்கு வந்து சேர்ந்த ஒரு சென்டாவோ

சரக்குக் கப்பல் வேலையில் பிரேசிலின் சான்டோஸ் துறைமுகத்துக்கு நான்கு முறை போயிருக்கிறேன். அங்கே சர்க்கரை ஏற்றும்போது மழை பிடித்தால் வேலை நின்றுவிடும். அந்த இடைவெளியில் கரைக்கு இறங்கிக் காப்பி குடித்துவிட்டு, கிடைக்கும் சில்லறையைச் சேர்த்து வைப்பேன்.

இப்போது புழங்கும் காசுகள் 1998-இல் தொடங்கிய வரிசை. ஒரு ரியலுக்கு நூறு சென்டாவோ; சென்டாவோக் காசு ஒவ்வொன்றிலும் ஒரு வரலாற்று மனிதர். 10 சென்டாவோவில் விடுதலையை அறிவித்த முதலாம் பெட்ரோ. 25-இல் குடியரசை அறிவித்த தியோதோரோ. 5-இல் இருப்பவர் திராதென்டிஸ். அந்தப் பெயருக்குப் பல் பிடுங்குபவர் என்று பொருள்; அந்த வேலையும் பார்த்தவர். போர்ச்சுகல் ஆட்சிக்கு எதிராகச் சதி செய்தார் என்று 1792 ஏப்ரல் 21-இல் ரியோவில் தூக்கிலிட்டார்கள். அந்த நாள் இன்று அங்கே தேசிய விடுமுறை. தூக்கில் போட்ட மனிதரைச் சாதாரண மக்களின் கையில் தினமும் புழங்கும் காசில் வைத்திருப்பது எனக்கு ரொம்பப் பிடித்தது.

இவை எல்லாம் இரண்டே நாளில் கிடைத்துவிட்டன. 1 சென்டாவோ மட்டும் சிக்கவில்லை. 2004-க்குப் பிறகு அதை அச்சடிக்கவில்லை. செல்லாக்காசு இல்லை, இன்றும் செல்லும். ஆனால் கடையில் 9.99 ரியல் என்று விலை போட்டிருப்பார்கள், 10 கொடுத்தால் மீதி வராது. ஒரு கடையில் மிட்டாயை எடுத்து நீட்டினார்கள். மிட்டாய் வேண்டாம், காசு இருந்தால் கொடுங்கள் என்று கைபேசியில் மொழிபெயர்த்துக் காட்டினேன். அப்படி ஒரு காசைப் பார்த்தே வருடக்கணக்காகிறது என்றார் அந்தப் பையன்.

சாவோ பாவுலோவில் குடியரசுச் சதுக்கத்தின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் விற்கத்தான் செய்கிறார்கள். வாங்க மனம் வரவில்லை. சில்லறையாகக் கைக்கு வர வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தேன்.

நான்காவது பயணத்தில், துறைமுகத்துக்குப் பக்கத்து ரொட்டிக்கடையில் கல்லாவில் இருந்த பாட்டியிடம் கேட்டேன். உள்ளே போய் ஒரு கண்ணாடிப் பாட்டிலைக் கொண்டுவந்து மேசைமேல் கொட்டினார். பொத்தான், சாவி, பழைய காசு எல்லாம் கலந்து கிடந்தன. அவற்றுக்கு நடுவே ஒரு 1 சென்டாவோ: 17 மில்லிமீட்டர்தான், செம்பு நிறம், 2003 என்ற ஆண்டு. நான் நீட்டிய 1 ரியலை வாங்க மறுத்துவிட்டார்.

கப்பலுக்குத் திரும்பி லென்ஸில் பார்த்தேன். பெட்ரோ ஆல்வரஸ் கப்ரால், பக்கத்தில் ஒரு பாய்மரக் கப்பல். 1500 ஏப்ரலில் பிரேசில் கரையைக் கண்ட அதே பயணத்தில், அதே வருடம் செப்டம்பரில் அவர் கோழிக்கோட்டுக்கு வந்து சேர்ந்தார். அங்கே சண்டை மூண்டு நகரத்தைப் பீரங்கியால் சுட்டு, அப்புறம் கொச்சிக்குப் போனார். நம் பக்கத்துக் கடலுக்கும் வந்த மனிதர் அந்தக் குட்டிக் காசில் இருக்கிறார் என்று தெரிந்ததும் அன்றிரவு தூக்கம் பிடிக்கவில்லை.

உங்களுக்குக் கிடைத்த தென்னமெரிக்கச் சில்லறை பற்றியும் எழுதுங்கள்.

*

அண்ணே, நான் கம்பினாஸில் மூன்று வருடம் வேலை பார்த்தேன். அங்கே எல்லாரும் தேடுவது பூஜ்யம் இல்லாத 50 சென்டாவோ. 2012-இல் 50 சென்டாவோக் காசில் 5 சென்டாவோவின் அச்சு தவறி விழுந்து, 40,000 காசு அப்படி வந்தது. முன்பக்கம் ரியோ பிராங்கோ பிரபு, பின்பக்கம் வெறும் 5. எனக்கு ஒருவர் விற்க வந்த காசில், பூஜ்யம் இருந்த இடத்தில் சுரண்டிய தடம் லென்ஸில் பளிச்சென்று தெரிந்தது. யாராவது நீட்டினால் ஆண்டையும் அந்த இடத்தையும் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

*

ஒரு வேண்டுகோள். என் சித்தப்பா கொண்டுவந்த 5 சென்டாவோ கறுத்திருந்தது என்று, குத்துவிளக்கு தேய்ப்பதுபோல் வீட்டில் புளி போட்டுத் தேய்த்துவிட்டார்கள். அது முழுச் செம்பு இல்லை, எஃகின் மேல் செம்புப் பூச்சு. விளிம்பில் பூச்சு போய், அடுத்த மழைக்காலத்தில் அங்கே துரு ஏறிவிட்டது. காந்தம் வைத்துப் பாருங்கள், ஒட்டினால் தேய்க்கவே தேய்க்காதீர்கள். ஈரம் படாத உறையில் போட்டு வைத்தால் போதும்.

*

நல்லவேளை சொன்னீர்கள், பாட்டி கொடுத்த என் 1 சென்டாவோவும் காந்தத்தில் ஒட்டுகிறது. இனி 1994-இல் ரியல் வந்தபோது அடித்த வெள்ளை எஃகுக் காசுகள்தான் பாக்கி. ஐநா உணவு வேளாண் அமைப்பின் 50-ஆம் ஆண்டுக்காக 1995-இல் வந்த 10-உம் 25-உம் யாரிடமாவது இரட்டையாக இருந்தால் சொல்லுங்கள். மாற்றிக்கொள்ள என்னிடம் திராதென்டிஸ் ஏழு பேர் இருக்கிறார்கள். கப்ராலை மட்டும் கேட்காதீர்கள்.