"விகடகவி" திரும்ப மாட்டேன் என்கிறது – ஒரே வரியில் தீர்வு உண்டா?

ஒருவரிக்காரன்:
எதையும் ஒரே வரியில் அடக்கிவிட வேண்டும் என்ற கிறுக்கு எனக்கு. இருபக்கமும் ஒன்றாகப் படிக்கும் சொல்லா என்று பார்க்க, பைதான் 3 நிரல்மொழியில் இதை வைத்திருக்கிறேன் (சொல்லும் அதன் தலைகீழும் ஒன்றா என்று கேட்கிறது):

அ==அ[::-1]

(வேரியபிளுக்குத் தமிழில் பெயர் வைக்கலாம் என்று தெரிந்த நாளிலிருந்து எனக்குக் கை நிற்பதில்லை.) ஆங்கிலச் சொற்களுக்கெல்லாம் சரியாக வந்தது. நம்ம "விகடகவி"யைக் கொடுத்தேன், பொய் என்கிறது! "மாமா"வுக்கும் பொய். ஆனால் "காக" என்று கொடுத்தால் மெய்யாம். காவும் கவும் எப்போது ஒன்றாயின? பதினைந்து வரி ஃபங்ஷன் எழுதிக் காட்ட வருகிறவர்களுக்கு இப்போதே ஒரு கும்பிடு.

பழைய பெர்ல் ஆசாமி:
உங்கள் கண்ணுக்கு விகடகவி ஐந்து எழுத்து. கணினி எழுத்துகளைக் குறித்துவைக்கும் யூனிகோடுக்கு ஏழு குறி: வ, ி, க, ட, க, வ, ி. திருப்பினால் இகரக் குறி முதல் ஆளாக வந்து நிற்கும், அப்புறம் எப்படி ஒன்றாகும்? "காக"வில் துணைக்கால் நட்ட நடுவில் இருக்கிறது. எந்தப் பக்கம் படித்தாலும் க, ா, க.

பெர்ல் மொழியின் ரெஜெக்ஸில் (எழுத்துகளைத் தேடிப் பிடிக்கும் பேட்டர்ன்) பேக்ஸ்லாஷோடு பெரிய எக்ஸ் போட்டால் குறி சேர்ந்த முழு எழுத்தையும் பிடிக்கும். பைதானோடு வரும் ரெஜெக்ஸில் அது கிடையாது. அதனால் இது:

.[ா-்]*

துணைக்காலிலிருந்து மெய்யெழுத்தின் புள்ளி வரை எல்லாக் குறிகளும் அந்த வரம்புக்குள் வந்துவிடும். பொருந்துவதையெல்லாம் பொறுக்கும் ஃபைண்ட்ஆல் தரும் லிஸ்ட்டை அதன் தலைகீழோடு ஒப்பிடுங்கள். நட்சத்திரத்துக்குப் (எத்தனை குறி வந்தாலும்) பதில் கேள்விக்குறி (அதிகபட்சம் ஒன்று) போட்டாலும் பெரும்பாலும் ஓடும். ஆனால் சில கோப்புகளில் "கொ"வின் குறி கொம்பும் காலுமாக இரண்டாகப் பிரிந்து கிடக்கும், அங்கே உதைக்கும். நட்சத்திரமும் கேள்விக்குறியும் ஆளுக்கு ஒரே பைட்தான், நட்சத்திரமே இருக்கட்டும்.

ஒருவரிக்காரன்:
ஆகா. ஆனால் ஏழு குறிக்கு 11 பைட் ஆகிறதே? நான் பைட்டில்தான் எண்ணுவேன்.

சுழியம்:
யூனிகோடைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். உங்கள் செல்ல "அ"வும்தான்! நீங்கள் முதலில் எழுதிய வரியில் பத்துக் குறி, 14 பைட். ஆங்கில ஒற்றை எழுத்து வைத்தால் நாலு மிச்சம்.

பேட்டர்னை நாலே பைட்டில் முடிக்கலாம். தமிழ்ச் சொற்களை எண்ண ஒருமுறை பேக்ஸ்லாஷ், சின்ன டபிள்யூ, கூட்டல்குறி (சொல்லில் சேரும் எழுத்துகளின் தொடர்) என்று போட்டுவிட்டு ஒரு மாலை முழுக்கத் தலையைப் பிய்த்துக்கொண்டேன். "தமிழ்" என்ற ஒரே சொல் "தம", "ழ" என்று இரண்டாக வந்து விழுந்தது. பைதானின் ரெஜெக்ஸ் நம் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் சொல்லின் பகுதியாகவே மதிப்பதில்லை. அன்று எரிச்சல், இன்று லாபம்: புள்ளி, பேக்ஸ்லாஷ், பெரிய டபிள்யூ, நட்சத்திரம். ஏதோ ஒரு எழுத்து, பின்னாலேயே "சொல்லில் சேராதவை" எத்தனை வந்தாலும். அந்தச் சேராதவைதான் நம் குறிகள். பெர்லில் இந்த வேலை பலிக்காது, அது குறிகளையும் சொல்லில் சேர்த்துக்கொள்ளும்.

ஒருவரிக்காரன்:
விகடகவி, மாமா, குடகு, பாப்பா எல்லாம் மெய். காக பொய். நாலு பைட்டில்! ஆனால் "தேரு வருதே" கொடுத்தேன், பொய் என்கிறது.

சுழியம்:
இடைவெளியும் சொல்லில் சேராததுதானே, "ரு"வின் முதுகில் ஏறிக்கொண்டது. முதலிலேயே ரீப்ளேஸ் போட்டு நீக்க வேண்டியதுதான். அதற்கே 16 பைட் போய்விடும்.

பழைய பெர்ல் ஆசாமி:
ரீப்ளேஸ் எதற்கு? என் பேட்டர்னில் முதல் புள்ளியை எடுத்துவிட்டு அங்கே பேக்ஸ்லாஷும் சின்ன டபிள்யூவும் வையுங்கள். இடைவெளியைத் தொடவே தொடாது. மொத்தம் 12.

ஒருவரிக்காரன்:
மெய் வந்துவிட்டது. வேரியபிள் பெயரை மட்டும் மாற்ற மாட்டேன்.