ஊட்டம் குறையும்போது பாசியின் நஞ்சு ஏன் கூடுகிறது?

கேள்வி (கடல் உயிரியல் மாணவி):
ஜப்பானின் சேட்டோ உள்நாட்டுக் கடலில் 1972-இல் சட்டோனெல்லா என்னும் நுண்பாசி பெருகி, வளர்ப்புக் கூண்டுகளில் இருந்த சுமார் 1 கோடியே 40 லட்சம் மீன்கள் மடிந்தன. 1976-இல் மட்டும் அங்கு 299 முறை பாசிப் பெருக்கம் பதிவானது. கழிவுநீரோடு சேரும் ஊட்டப்பொருள்களைக் கட்டுப்படுத்திய பின் அந்த எண்ணிக்கை படிப்படியாக ஆண்டுக்குச் சுமார் நூறாக இறங்கியது. ஆனால் அலெக்சாண்ட்ரியம் என்னும் நச்சு நுண்பாசியைப் பற்றிப் படிக்கையில், பாஸ்பரஸ் தீரும்போது அதன் நஞ்சு கூடுகிறது என்கிறார்கள். இரண்டும் எப்படி ஒருசேர உண்மையாகும்? ஒளிக்கு இதில் என்ன பங்கு?

முதல் பதில்:
செல்களின் எண்ணிக்கையும் ஒரு செல்லில் உள்ள நஞ்சின் அளவும் வெவ்வேறு கணக்குகள். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. அலெக்சாண்ட்ரியத்தின் நஞ்சான சாக்சிடாக்சினின் ஒரு மூலக்கூறில் 7 நைட்ரஜன் அணுக்கள் உள்ளன. பாஸ்பரஸ் தீர்ந்தால் செல் பிரிய முடிவதில்லை. நைட்ரஜன் மட்டும் தொடர்ந்து கிடைத்தால், பகிர்ந்தளிக்கப் புதிய செல்கள் இல்லாததால் நஞ்சு உள்ளேயே சேர்ந்துகொண்டு போகிறது. நைட்ரஜனே குறைந்தால் நஞ்சும் குறைகிறது. சூடோநிட்சியா என்னும் டயாட்டத்திலும் (சிலிக்கா ஓடுள்ள நுண்பாசி) சிலிக்கேட்டோ பாஸ்பேட்டோ தீர்ந்து வளர்ச்சி தளரும் கட்டத்தில்தான் டோமோயிக் அமிலம் என்னும் நஞ்சு மிகுகிறது. 1987-இல் கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் இப்பாசியைத் தின்று நஞ்சேறிய மட்டிகளை உண்ட நூற்றுக்கும் மேற்பட்டோர் நோயுற்றதற்கும், சிலர் நினைவாற்றலை இழந்ததற்கும், குறைந்தது 3 பேர் இறந்ததற்கும் இந்த அமிலமே காரணம். ஆகவே செல் எண்ணிக்கை குறைவு என்பதை மட்டும் வைத்து மட்டி பாதுகாப்பானது என்று முடிவு செய்வதை நான் ஏற்கமாட்டேன்.

இரண்டாம் பதில்:
ஒளியைப் பற்றிச் சொல்கிறேன். டோமோயிக் அமிலத்தை உருவாக்க ஒளிச்சேர்க்கை தரும் ஆற்றல் வேண்டும். ஊட்டம் தீர்ந்த ஆய்வக வளர்ப்பைக்கூட இருளில் வைத்தால் உற்பத்தி நின்றுவிடும். அலெக்சாண்ட்ரியம் போன்ற, சாட்டை போன்ற இழையால் நீந்தும் கசையிழை உயிரிகளிடம் இன்னொரு வசதியும் உண்டு. மேல்நீர் வெதுவெதுப்பாகிக் கீழ்நீரோடு கலக்காத அமைதியான நாட்களில், அவற்றுள் பல பகலில் ஒளிக்காக மேலே நீந்தி வருகின்றன. இரவில் நைட்ரேட் மிகுந்த ஆழத்துக்கு இறங்குகின்றன. தானாக நீந்த முடியாத டயாட்டங்கள் அதே நீரில் மூழ்கிப் போகின்றன. மேற்பரப்பில் ஒருவேளை மட்டும் மாதிரி எடுப்பவருக்கு இந்த ஏற்ற இறக்கம் புலப்படாது.

மூன்றாம் பதில்:
சேட்டோவைப் பொறுத்தவரை, ஊட்டம் குறைந்ததால் மொத்தப் பெருக்கம் குறைந்தது. அந்த அனுபவத்தை நஞ்சு பற்றிய ஆய்வுமுடிவு மறுக்கவில்லை. கவலைக்குரியது நைட்ரஜனுக்கும் பாஸ்பரஸுக்கும் இடையிலான விகிதம். கடல் மிதவைப்பாசிகளில் சராசரியாக ஒரு பாஸ்பரஸ் அணுவுக்கு 16 நைட்ரஜன் அணுக்கள் உள்ளன. வட கடலில் கலக்கும் ரைன் போன்ற ஆறுகளில் பாஸ்பரஸ் விரைவாகவும் நைட்ரஜன் மெதுவாகவும் குறைக்கப்பட்டதால், கடலோர நீரில் அந்த விகிதம் நைட்ரஜன் பக்கம் சாய்ந்தது. முதல் பதிலில் விளக்கிய நிலைக்கு அது வழிவிடக்கூடும் என்பதால், இரண்டையும் சேர்த்தே குறைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. என் வளர்ப்பில் செல் எண்ணிக்கையை மட்டுமே குறித்துவந்தேன். இனி ஒரு செல்லுக்கும் ஒரு லிட்டருக்கும் உள்ள நஞ்சைத் தனித்தனியே அளந்து, நைட்ரேட், பாஸ்பேட் அளவுகளையும் அதே நாளில் பதிவு செய்கிறேன்.